அத்தியாயம் 7: குடலுக்குள் கேமரா போகும் நாள்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு, சிவகாசி பஸ் ஸ்டாண்டு, எங்கே இறங்கினாலும் சுவரில் அந்த நோட்டீஸ் இருக்கும். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். கீழே ஒரு செல்போன் எண். மலத்தோடு ரத்தம் போனால் நம்மவர் பலர் முதலில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான். அங்கே ஓர் ஊசி, கொஞ்சம் களிம்பு. ரத்தம் நின்றாலும் நிற்கும். ஆனால் மூலத்து ரத்தமும் விட்டுவிட்டுத்தான் வரும். பெருங்குடலில் வளர்ந்திருக்கும் பாலிப்பிலிருந்து கசியும் ரத்தமும் அப்படித்தான் வரும். வெளியிலிருந்து பார்த்து இது இன்னது என்று சொல்ல எந்தக் கைராசிக்காரராலும் முடியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

பாலிப் என்பது பெருங்குடலின் உட்சுவரில் மரு போலத் தலைதூக்கும் சதை. சில காளான் மாதிரி தண்டோடு நிற்கும். சில கல்லில் ஊற்றிய ஊத்தப்பம் மாதிரி தட்டையாகப் படிந்திருக்கும். எல்லாப் பாலிப்பும் கெட்டதல்ல. பெரும்பாலும் அடினோமா என்ற வகைதான், அதிலும் சிலவே, பத்து ஆண்டு போலப் பொறுமையாக வளர்ந்து புற்றுநோயாக மாறும். அந்தப் பத்து ஆண்டுதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கு போட்டுப் பாலிப்பை அறுத்தெடுக்கும் முறையை, நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் ஜப்பானிலிருந்து அங்கே போன ஹிரோமி ஷின்யாவும் 1969-ல் செய்து காட்டினார்கள். அந்தக் குழாய்க்குள் ஒளியை வளைத்துக் கொண்டுபோன கண்ணாடி இழை நுட்பத்துக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

யாருக்கு இந்தக் கேமராப் பரிசோதனை, அதாவது கொலனோஸ்கோபி, வேண்டும்? மலத்தில் ரத்தம் போகிறவருக்கு. சில வாரங்களாக மலம் கழிக்கும் பழக்கமே மாறிப்போனவருக்கு. காரணம் தெரியாமல் எடை குறைகிறவருக்கு. ரத்தசோகை உள்ள ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்றபின் ரத்தசோகை வந்த பெண்களுக்கும். இவர்களுக்கு ஊரில் எல்லோரும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சொல்வார்கள், குடலை யாரும் சொல்லமாட்டார்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னால், எது முந்தி வருகிறதோ அப்போது பார்த்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு வலியில்லாமல் மலத்தோடு சிவப்பாக ரத்தம் போனால் அதையும் சூடு என்று விடாதீர்கள். குழந்தைகளுக்கு வரும் பாலிப் பெரும்பாலும் ஒற்றையாக, கெடுதல் இல்லாததாக இருக்கும். குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். சண்டிகர் மருத்துவர்கள் 236 இந்தியக் குழந்தைகளைப் பார்த்த அனுபவத்தை 1998-லேயே எழுதியிருக்கிறார்கள்.

அறிகுறி இல்லாத எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாக வருகிறது. மேலை நாடுகளோடு பார்த்தால் விகிதம் குறைவுதான். அதனால்தான் அரசுத் திட்டத்தில் முன்கூட்டிய புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்றோடு நிற்கிறது. வீடு தேடி வருகிற சுகாதாரப் பணியாளர் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார்; குடலைப் பற்றி நீங்களாகத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஐம்பதைத் தொட்டு மனசில் சந்தேகம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை லேபில் கேட்டுச் செய்துகொள்ளலாம். அது ‘இருக்கிறது’ என்று வந்தால் அடுத்தது கொலனோஸ்கோபிதான். இன்னொரு தடவை மலத்தைக் கொடுத்துப் பார்ப்பது அல்ல.

பார்த்தும் தவறுவது

பழைய ஆட்களுக்கு ‘பேரியம் எக்ஸ்ரே’ ஞாபகம் இருக்கும். பேரியம் நமக்குப் புதிதல்ல. பச்சை வெளிச்சத்துக்கு பட்டாசு ஆபீஸ்களில் கலந்த பேரியம் நைட்ரேட்டும், ஆசனவாய் வழியே ஏற்றிப் படம் எடுத்த பேரியம் சல்ஃபேட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பின்னது தண்ணீரில் கரையாது என்பதால்தான் அதை உடம்புக்குள் விட முடிந்தது. பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. குடலில் பேரியத்தின் கதையை அதற்கு முன்பே, 2000-ல், அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வு முடித்துவைத்தது. ஒரே ஆட்களுக்குப் பேரியம், கொலனோஸ்கோபி இரண்டும் செய்து பார்த்ததில், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அடினோமா இருந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் பேரியம் படத்தில் எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் யாராவது ‘கேமரா வேண்டாம், பேரியம் போதும்’ என்றால், போதாது.

சரி, கேமரா எல்லாவற்றையும் பார்த்துவிடுமா? இல்லை. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கொலனோஸ்கோபி செய்து, முதல் தடவை எத்தனை தவறியது என்று எண்ணிய ஆய்வுகள் உண்டு. அவற்றையெல்லாம் திரட்டி 2006-ல் வெளியான கணக்குப்படி நூறு பாலிப்பில் 22 முதல் பார்வைக்குத் தப்பின. பெரியவை தப்புவது அபூர்வம், நூற்றுக்கு இரண்டு. அரை சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள அடினோமாவில் நாலில் ஒன்று தப்பியது.

ஏன் தப்புகிறது என்று தேடியதில் ஆய்வாளர்களுக்கு இரண்டு விடை கிடைத்தது. ஒன்று அழுக்கு. மற்றது அவசரம்.

அவசரத்தை முதலில் பார்க்கலாம். குழாய் உள்ளே போகும்போது டாக்டர் அதிகம் தேடுவதில்லை. பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போய்ச் சேர்வதுதான் அப்போது நோக்கம். தேடுவது திரும்பி வரும்போது. வெம்பக்கோட்டைப் பக்கத்து விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை குழி போட்டபோது வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். மண்ணை வெட்டுவது சீக்கிரம் நடந்துவிடும். வெட்டிய மண்ணைச் சலிக்கத்தான் நேரம் பிடிக்கும். பாசிமணியும் சங்கு வளையல் துண்டும் கிடைப்பது சல்லடையில்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரே குழுவில் வேலை பார்த்த 12 டாக்டர்களை வைத்து இதைக் கணக்குப் போட்டார்கள். பாலிப் எதுவும் எடுக்காத பரிசோதனைகளில் குழாயை வெளியே இழுக்க ஒருவர் சராசரியாக 3 நிமிடம் எடுத்தார். இன்னொருவர் கிட்டத்தட்ட 17 நிமிடம். ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28 சதவீதம் பேரிடம் புற்றாக மாறக்கூடிய வளர்ச்சியைக் கண்டார்கள். ஆறுக்குக் குறைந்தவர்கள் 12 சதவீதம் பேரிடம்தான் கண்டார்கள். அதே ஊர், அதே மாதிரி நோயாளிகள். 2006 டிசம்பரில் இது அச்சான பிறகு ‘ஆறு நிமிடம்’ உலகமெங்கும் விதியாயிற்று. 2024-ல் அமெரிக்கச் சங்கங்கள் அதை எட்டு நிமிடமாக உயர்த்தியிருக்கின்றன.

கடிகாரத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் ஏழு நிமிடம் கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். எல்லோரும் ஏழு நிமிடம் எடுத்தார்கள். பாலிப் எண்ணிக்கை கூடவில்லை. மடிப்புகளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவருக்குத்தான் அந்த நிமிடங்கள் உதவும்.

அதனால் டாக்டரின் கையை அளக்க வேறோர் அளவுகோல் வந்தது: அடினோமா கண்டுபிடிப்பு விகிதம். ஒருவர் நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேரிடம் ஓர் அடினோமாவாவது காண்கிறார் என்பது. போலந்தில் 2010-லும், கலிபோர்னியாவில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகளை வைத்து 2014-லும் வந்த ஆய்வுகள் ஒரே சேதியைச் சொல்லின: இந்த விகிதம் குறைந்த டாக்டரிடம் ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டு வீட்டுக்குப் போனவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் அதிகம் வந்தது. விகிதம் ஒரு சதவீதம் கூடினால் அந்த ஆபத்து 3 சதவீதம் குறைந்தது. பாலிப்பே குறைவாக உள்ள நம் நாட்டில் மேலை நாட்டு எண்ணை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ‘உங்கள் விகிதம் என்ன டாக்டர்?’ என்று கேட்டால் கோபப்படாமல் ஓர் எண்ணைச் சொல்கிறவர், எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கழுவுவது நம் வேலை

மற்றொரு காரணமான அழுக்கு முழுக்க நம் பொறுப்பு. என் முதல் கொலனோஸ்கோபியின்போது குடல் கழுவும் இரண்டு லிட்டர் கரைசலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாஷ்பேசினில் ஊற்றினேன். காலையில் நர்ஸ் வந்து, “அண்ணாச்சி, முழுசும் குடிச்சிட்டீங்களா?” என்று கேட்டார். “குடிச்சாச்சும்மா” என்றேன். பதினைந்து நிமிடத்தில் டாக்டர் நிறுத்திவிட்டார். வலப்பக்கக் குடலில் கத்தரிக்காய் விதை ஒட்டிக்கிடந்ததாம். பணம் போனது, ஒரு நாள் வேலை போனது, அந்தக் கரைசலை மறுபடி முதலிலிருந்து குடிக்கவேண்டி வந்தது. பொய்யை எல்லோரிடமும் சொல்லலாம், குடலுக்குள் போகிற கேமராவிடம் சொல்ல முடியாது.

வலப்பக்கம் என்று சொன்னதைக் கவனியுங்கள். 2009-ல் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், கொலனோஸ்கோபி செய்துகொண்டவர்களுக்கு இடப்பக்கக் குடல் புற்றுநோய்ச் சாவு நன்றாகக் குறைந்திருந்தது. வலப்பக்கம் ஏறக்குறைய குறையவே இல்லை. சிறுகுடலிலிருந்து வருகிற பித்தநீரும் கசடும் முதலில் இறங்கித் தங்குகிற இடம் அது. தட்டைப் பாலிப் பெரும்பாலும் அங்கேதான், மேலே சளிப் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்.

மருந்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான். முந்தின இரவே எல்லாவற்றையும் குடித்துவிட்டால் விடியற்காலைக்குள் வலப்பக்கத்தில் புதுக் கசடு சேர்ந்துவிடும். நம் பக்கம் பெரும்பாலும் எழுதித் தருவது பெக்லெக் போன்ற பாலியெத்திலீன் கிளைக்கால் பொடி. ஒரு பொட்டலத்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் முந்தின நாள் சாயங்காலம். மறு லிட்டர் பரிசோதனைக்கு ஐந்தாறு மணி நேரம் முன்னால் தொடங்கி, இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிட வேண்டும். கால் மணிக்கு ஒரு டம்ளர் கணக்கு. குளிரவைத்து, எலுமிச்சைத் தோலை மோந்துகொண்டே குடித்தால் குமட்டல் குறையும். கடைசியாகப் போகிறது எலுமிச்சைச் சாறு நிறத்தில், அடியில் தூள் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். டீத்தண்ணி நிறத்தில் போனால் இன்னும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி, நம் ஊர்க்காரருக்கு மட்டும் சட்டென்று விளங்குகிற ஒரு விஷயம். எங்கள் பக்கம் ‘மருந்து’ என்றால் இரண்டு: டாக்டர் எழுதித் தருவது ஒன்று, பட்டாசு ஆபீஸில் போர்மேன் அளந்து கலப்பது ஒன்று. 1979-ல் பிரான்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மின்சாரச் சுருக்கால் பாலிப்பை அறுத்தபோது ஒரு நோயாளியின் குடலுக்குள்ளேயே வெடித்தது, அவர் பிழைக்கவில்லை. குடலைக் கழுவக் கொடுத்திருந்தது மானிட்டால் என்ற சர்க்கரைக் கரைசல். குடல் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் மீத்தேனும் உண்டாக்கியிருந்தன. ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டி, அல்லது மீத்தேன் 5 சதவீதத்தைத் தாண்டி, கூடவே ஆக்சிஜனும் இருந்தால் ஒரு பொறி போதும். பட்டாசுத் தொழில் தெரிந்த வெம்பக்கோட்டைக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டெக்சாஸின் டாலஸ் நகரத்து ஆய்வாளர்கள் 1980-ல் அறிமுகப்படுத்திய பாலியெத்திலீன் கிளைக்கால் கரைசலைக் கிருமிகள் புளிக்கவைக்க முடியாது. உடம்பின் நீரையும் அது இழுத்துக்கொண்டு போகாது. மானிட்டால் விலை மலிவு என்பதற்காக எங்காவது எழுதித் தந்தால், “பாலிப் இருந்தால் கரண்டு வைத்து எடுப்பீர்களா, அதற்கு இது சரிப்படுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இத்தகைய விபத்து உலகத்திலேயே மிகச் சிலதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் குடல் சரியாகக் கழுவப்படாமல் இருக்கும்போது மின்சாரம் பாய்ச்ச டாக்டர் மறுத்தால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். காற்றுக்குப் பதில் கரியமில வாயுவை ஊதுகிற இடத்தில் இந்தப் பயம் இன்னும் குறைவு, பிறகு வயிறு உப்புவதும் குறைவு.

சின்னப் பாட்டிலில் வருகிற சோடியம் பாஸ்பேட் குடிக்கச் சுலபம். ஆனால் அது கிட்னியைக் கெடுத்த சம்பவங்களால் 2008-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வயதானவர்களும், பிரஷர், சர்க்கரை, கிட்னிக் கோளாறு உள்ளவர்களும், கரிசல் வெயிலில் நாள் முழுதும் தகரக் கொட்டகையில் நின்று உடம்பில் நீர் வற்றியவர்களும் அதைத் தொட வேண்டாம்.

சாப்பாட்டில் முந்தின ஒரு நாள் கட்டுப்பாடு போதும் என்று புதிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மலச்சிக்கல்காரர்களும், கம்பங்கூழும் கீரையுமாகச் சாப்பிடுகிறவர்களும் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது என்பேன். சாத்தூர் வெள்ளரிக்காய், கொய்யா, தக்காளி, கத்தரி, வெண்டை, எள்ளு, கேழ்வரகு, சோளம் இவை கூடாது. சாத்தூர்ச் சேவும் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இட்லி, வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம், தயிர், அவித்த முட்டை ஆகும். கடைசி நாளில் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், வடிச்ச கஞ்சியின் மேல்தெளிவு, பால் இல்லாத டீ, எலுமிச்சை ஜூஸ். பால், மோர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா எதுவும் அன்றைக்கு இல்லை. விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க்கின் போவண்டோவை மூன்று தலைமுறையாக வயிறு சரியில்லை என்றால் குடிப்போம். அன்றைக்கு மட்டும் அதையும் ரோஸ் மில்க்கையும் தள்ளிவையுங்கள். சிவப்பு, கருஞ்சிவப்பு நிறம் குடலுக்குள் ரத்தம் மாதிரியே தெரியும்.

மாத்திரைகளில் இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்னால் நிறுத்துங்கள். அது மலத்தைத் தார் மாதிரி ஆக்கிவிடும். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். பட்டினி கிடக்கும் நாளில் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்; ‘டாபாக்லிஃப்ளோசின்’ மாதிரி ‘-ஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரை இருந்தால் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டரும் குடல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

அடுத்து பஸ் பிரச்சினை. மதுரையில் காலை 9 மணிக்கு என்று நேரம் கொடுத்தால், இரண்டாவது லிட்டரை நடுராத்திரி குடித்துவிட்டு வெம்பக்கோட்டையில் பஸ் ஏற வேண்டிவரும். முடியாது என்று சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வருகிறோம், 11 மணிக்கு மேல் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் முந்தின நாளே மதுரையிலோ சிவகாசியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடத் தூரத்தில். வீட்டில் எத்தனை கழிப்பறை என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அன்று ராத்திரி அது உங்களுக்கு மட்டும் வேண்டும்.

அறைக்குள்

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். மயக்க ஊசி போட்டால் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. போடாமலும் செய்யலாம், காற்றுக்குப் பதில் தண்ணீரை விட்டு, அழுக்கு நீரை உறிஞ்சிக்கொண்டே போகும் முறையில் வலி குறைவு, தேடலும் தெளிவு. நடுவில் ‘நிமிர்ந்து படுங்க’, ‘வலப்பக்கம் திரும்புங்க’ என்றால் சலிக்காமல் திரும்புங்கள். காற்று மேலே ஏறும், தண்ணீர் கீழே இறங்கும். நீங்கள் புரள்வதால் ஒவ்வொரு பகுதியாக விரிந்துகொடுக்கும். வலப்பக்கத்தை இரண்டாவது தடவை போய்ப் பார்ப்பதும் நல்ல டாக்டரின் அடையாளம்.

நீலமும் பச்சையும் மட்டும் கலந்த ஒளியை மாற்றிப் போட்டால் பாலிப்பின் ரத்தக் குழாய்கள் பழுப்புக் கோடாக எழும்பித் தெரியும். வாணவேடிக்கையில் நீலம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் இந்த நீலத்தை ரசிக்கலாம். சில இடங்களில் இண்டிகோ கார்மைன் என்ற சாயத்தைத் தெளித்துத் தட்டைப் பாலிப்பின் விளிம்பைக் காட்டுவார்கள்; அது அவுரி நீலத்தின் வம்சம்.

செயற்கை நுண்ணறிவு? பெரிய ஆஸ்பத்திரி விளம்பரங்களில் இப்போது அது வந்துவிட்டது. திரையில் பாலிப் தெரிந்ததும் கணினி அதைச் சுற்றிப் பெட்டி போட்டுக் காட்டும். சீனாவில் 1,058 பேரிடம் செய்து 2019-ல் வெளியிட்ட சோதனையில் அடினோமா கண்டுபிடிப்பு 20 சதவீதத்திலிருந்து 29 ஆயிற்று. இத்தாலியில் 2020-ல் 40-லிருந்து 55 ஆயிற்று. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் பொடிப்பொடிப் பாலிப்புகள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2025-ல் போலந்திலிருந்து வேறொரு சேதி வந்தது: கணினிக்குப் பழகிய டாக்டர்கள் அது இல்லாமல் செய்தபோது கண்டுபிடிப்பு 28 சதவீதத்திலிருந்து 22-க்கு இறங்கியிருந்தது. கருவி இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கட்டி தூரத்து ஊருக்கு ஓட வேண்டாம். கழுவாத குடலில் கணினிக்கும் கத்தரிக்காய் விதைதான் தெரியும்.

ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த பாலிப்பை இப்போது மின்சாரமே இல்லாமல், வெறும் கம்பிச் சுருக்கை இறுக்கி அறுத்துவிடுகிறார்கள். தைவானில் 4,000-க்கு மேற்பட்டவர்களிடம் செய்து 2023-ல் வந்த ஆய்வில், இரண்டொரு நாள் கழித்து ரத்தம் கசிவது மின்சார முறையில் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு நடந்தது. மின்சாரம் இல்லாத முறையில் நூற்றுக்கு அரைப் பேருக்கும் குறைவு. குடலில் ஓட்டை விழும் ஆபத்து சாதாரணப் பரிசோதனையில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரிய பாலிப் எடுத்தால் கூடும். வீட்டுக்கு வந்தபின் வயிறு கல் மாதிரி இறுகினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டிகட்டியாக ரத்தம் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்துக் குடல்களில் கேமரா சில சமயம் பார்ப்பது பாலிப்பை அல்ல, காசநோய்ப் புண்ணை. அது க்ரோன் என்ற வேறு நோய் போலவே தோன்றும். ஒன்றுக்கான மருந்து மற்றதைக் கெடுக்கும். திசுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து இரண்டையும் பிரிப்பது எப்படி என்று 1999-ல் உலகத்துக்கு எழுதிக் காட்டியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், அன்னா புலிமூடும் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சேர்ந்த குழு. டாக்டர் நாலைந்து இடத்தில் துண்டு எடுத்தால், புற்றுநோய் என்றுதான் எடுக்கிறார் என்று முடிவு கட்டி வீட்டில் அழுகையைத் தொடங்கிவிடாதீர்கள்.

மயக்க ஊசி போட்டிருந்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பட்டாசு மருந்து அறைக்குள் 24 மணி நேரம் போகவே கூடாது. தலை தெளிந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும், கைக்குத் தெளிந்திருக்காது. போர்மேனிடம் காரணம் சொல்ல வெட்கமாக இருந்தால், ‘மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள்’ என்பது போதும். அதற்கு மேல் எந்தப் போர்மேனும் கேட்கமாட்டார். அவசரம் இல்லாத பரிசோதனையைத் தீபாவளி முடிந்து ஆபீஸ் பூட்டியிருக்கும் வாரங்களில் வைத்துக்கொள்வது நம் பக்கத்துக்குத் தோது. சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நடக்கிறவர்கள் சிவகாசி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வழியாகப் போகலாம். நோய்க்கால ஓய்வு நீண்டால், முதல் இரண்டு நாள் போக, 70 சதவீதம் கூலியும் உண்டு. மற்றவர்கள் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போங்கள். அந்த அட்டைக்குள் எது அடங்கும் என்பதைத் தேதி வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் வாங்க வேண்டிய காகிதம்

ரிப்போர்ட்டில் ‘இயல்பு’ என்ற ஒரே சொல் இருந்தால் அது ரிப்போர்ட் இல்லை. எனக்கு ஓர் இடத்தில் அப்படித்தான் ஒரு வரி கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்து எழுதச் சொன்னதும் முறைத்தார்கள், ஆனாலும் எழுதினார்கள். சீக்கம் வரை போனாரா, அங்கே குடல்வால் திறப்பைப் படம் எடுத்தாரா என்று பாருங்கள். குடல் எவ்வளவு சுத்தம் என்பதற்கு பாஸ்டன் மதிப்பெண் என்று ஒன்று உண்டு: குடலை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்றுக்கு இத்தனை என்று போடுவார்கள், மொத்தம் ஒன்பது. எந்தப் பகுதியும் இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளியே எடுக்க எத்தனை நிமிடம் என்று இருக்க வேண்டும். பாலிப் எடுத்திருந்தால் எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், எதனால் அறுத்தது, முழுசாக வெளியே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதா என்பதெல்லாம் வேண்டும். திசுப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் போல ஆகும். அதை வாங்க மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த தடவை எப்போது என்பது அந்த முடிவைப் பொறுத்தது. ஒன்றிரண்டு சின்ன அடினோமா மட்டும் என்றால் ஏழிலிருந்து பத்து ஆண்டு கழித்து வந்தால் போதும். மூன்று நான்கு என்றால் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலும், திசுவில் கெட்ட மாற்றம் தெரிந்தாலும் மூன்று ஆண்டு. பெரிய பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் ஆறே மாதம். எதுவும் இல்லை, கழுவலும் நன்றாக இருந்தது என்றால் ஆண்டுதோறும் போய்ப் படுக்காதீர்கள். யாராவது வரச்சொன்னால் காரணம் கேளுங்கள்.

தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கலாம் என்று பார்த்தால், ஏழு ஆண்டு கழித்து வரும் காலண்டர் சிவகாசியிலேயே இன்னும் அச்சாகியிருக்காது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிட்டு, ஒரு ஜெராக்ஸை ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே வையுங்கள்.